ரெண்டை அழுத்திப் பிடி

பாப்பாத்தி பயந்த சுபாவக்காரி. எல்லப்பகண்டிகையில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் கிடையாது. சத்தியவேட்டிலிருந்து ஊத்துக்கோட்டைக்குப் போகும் சாலையில், ஆந்திரா முடிவதற்குச் சற்று முன்னால் இருக்கிறது அந்த ஊர். பேச்செல்லாம் தமிழ், ரேஷன் கார்டு தெலுங்கு. அந்த ஊரில் பஸ் கொஞ்சம் தாமதமானால் முதலில் ரோட்டுக்கு வந்து நிற்பவள் பாப்பாத்திதான். மழை தூறினால் ஆடுகளை மட்டுமல்ல, அடுத்த வீட்டுக் கோழிகளையும் சேர்த்து உள்ளே விரட்டுவாள். யார் வீட்டு செல் அடித்தாலும், "யாரு? இன்னாவாம்?" என்று கேட்காமல் இருக்க அவளால் முடியாது.

அவள் பிறவியிலேயே அப்படி இல்லை. அவள் புருஷன் முனிசாமி சாரத்திலிருந்து விழுந்த பிறகுதான் இப்படி ஆனாள்.

சென்னைக்குத் தெற்கே கண்ணாடிக் கட்டடங்கள் வரிசையாக முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. எல்லையோர ஊர்களிலிருந்து ஆம்பிளைகள் கும்பல் கும்பலாகப் போனார்கள். முனிசாமியும் போனான். ஒரு நாள் காலையில் சாரக்கட்டை நழுவி விழுந்து, பின்மண்டையில் அடிபட்டு நினைவு தப்பிவிட்டது. மேஸ்திரி அன்று ஊருக்குப் போயிருந்தார். கூட வேலை செய்தவர்கள் எல்லாம் எங்கிருந்தோ வந்த புது ஆட்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்ததோடு சரி, அவன் பேர்கூட யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. சட்டைப் பையில் இருந்த செல்லுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. நர்சம்மா அதை எடுத்துத் தேடிப் பார்த்திருக்கிறார். மேஸ்திரி, சிமெண்டு லாரி, டீக்கடை, ஜல்லி என்றுதான் பேர்கள் இருந்தன. மேஸ்திரிக்கு அடித்தால் லைன் கிடைக்கவில்லை. வீட்டுக்குப் பேச வேண்டிய பக்கத்து வீட்டு நம்பரை முனிசாமி மனப்பாடமாக வைத்திருந்தான். மனப்பாடமாகத் தெரிந்ததை எதற்கு எழுதி வைப்பது என்று விட்டிருந்தான்.

மேஸ்திரி திரும்பி வந்து, தேடிக் கண்டுபிடித்து, ஊருக்குச் சேதி சொல்லும்வரை பாப்பாத்தி ஒன்றும் அறியாமல் வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருந்தாள். 'பணம் அனுப்பலன்னு கோச்சுக்குவேன்னு பயந்துக்கினு போன் பண்ணாம கீறான்' என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அவள் போய்ச் சேர்ந்தபோது கட்டிலில் தொங்கிய அட்டையில் பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடுதான் இருந்தது. அந்த நர்சம்மா, குறை சொல்வதுபோல் இல்லாமல், வருத்தமாகவே சொன்னார்.

"அவரு செல்லுல 'வீடு'ன்னு ஒரே ஒரு பேரு இருந்திருந்தா, அன்னிக்கே கூப்பிட்டிருப்போமேம்மா."

முனிசாமி பிழைத்தான். வலது கால் மட்டும் இழுத்து இழுத்துத்தான் நடக்க வந்தது. ஆனால் நர்சம்மாவின் அந்தச் சொல் பாப்பாத்தியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. புருஷன் பேரில்லாமல் கிடந்த நேரத்தில் தான் சோறு தின்றதும் தூங்கினதும் நினைவுக்கு வரும்போதெல்லாம் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிடுவாள். இனி இந்த வீட்டில் யாருக்கும் அப்படி ஆகக் கூடாது என்று முடிவு செய்தாள். ஊர் முனையில் ரீசார்ஜ் கடை வைத்திருந்த ரமணாவிடம் போய், பட்டன் வைத்த பழைய செல் ஒன்றை வாங்கினாள்.

ரமணா ஓயாமல் பேசுகிறவன். செல்லில் மறைந்து கிடக்கும் வித்தைகள் அத்தனையும் தனக்குத் தெரியும் என்று சொல்லிக்கொள்வான். பாதி நிஜம், பாதி எங்கோ கேட்ட கதை. ஏதோ நட்சத்திரக் குறியும் எண்களும் போட்டு அழுத்தினால் செத்துப்போகிற பேட்டரிக்குப் பாதி உயிர் திரும்பும் என்றான். பாப்பாத்தி வீட்டுக்குப் போய், பேட்டரி தீரும்வரை காத்திருந்து, அவன் சொன்னபடியே அழுத்தினாள். செல் ஒருமுறை மினுக்கி அணைந்தது. மறுநாள் கடைக்கு வந்து எல்லார் முன்னாலும் அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"பொய்யி சொல்ற ரமணா. அதை நம்பிக்கினு ஒருத்தி காட்டுல நின்னா அவ கதி இன்னா ஆவறது?"

"எனக்கு சொன்னவன் அப்டித்தான் சொன்னான்க்கா."

"நீ செஞ்சி பாத்தியா?"

அவன் செய்து பார்த்ததில்லை. அன்றிலிருந்து அவன் எதைச் சொன்னாலும் அவள் சோதித்துப் பார்த்த பிறகே நம்பினாள். தொலைவிலிருந்து செல் வழியாகக் கார்க் கதவைத் திறக்கலாம் என்றதை மட்டும் விட்டுவிட்டாள். சோதிக்க அவளிடம் கார் இல்லை.

அவள் கையில் தேறிய வித்தைகள் சில உண்டு. வீட்டு நம்பரை மற்ற எல்லாப் பேருக்கும் முன்னால் வரும்படி பதிந்து வைக்கலாம். பேட்டரிக்கு அடியில் சின்னக் காகிதத்தில் பேரும், ஊரும், ரத்த வகையும் எழுதி மடித்து வைக்கலாம். செல் உடைந்தாலும் காகிதம் உடையாது. பட்டன் பூட்டியிருந்தாலும் அவசர எண்ணுக்குப் பூட்டைத் திறக்க வேண்டியதில்லை. எல்லாவற்றையும்விட அவளுக்குப் பிடித்தது ரெண்டாம் எண். அதில் ஒரு நம்பரைப் பதிந்து வைத்துவிட்டால், பட்டனை அழுத்திப் பிடித்தால் போதும், நேரே அந்த நம்பருக்குப் போய்விடும். கண்ணால் பார்க்க வேண்டாம், பையிலிருந்து வெளியே எடுக்கக்கூட வேண்டாம்.

இன்னொன்று எல்லையில் இருப்பவர்களுக்கே தேவையானது. எல்லப்பகண்டிகையில் செல்லுக்குப் புத்தி பேதலித்துவிடும். ஒரு நேரம் ஆந்திரா டவரைப் பிடிக்கும், ஒரு நேரம் தமிழ்நாட்டு டவரைப் பிடிக்கும். பேச்சு நடுவில் அறுந்துபோகும். ஊரில் ஒருத்திக்குப் பிரசவ வலி எடுத்து ஆம்புலன்ஸுக்கு அடித்தபோது, எடுத்தவர்கள் தமிழ்நாட்டுக்காரர்கள். ஊர் எந்த மாநிலம் என்று பேசித் தீர்ப்பதற்குள் பிள்ளை மாட்டு வண்டியிலேயே பிறந்துவிட்டது. அதைப் பார்த்தபின் பாப்பாத்தி, டவரைச் செல்லின் இஷ்டத்துக்கு விடாமல் நாமே தேர்ந்தெடுத்து நிறுத்துவதை ரமணாவிடம் கற்றுக்கொண்டாள். இங்கிலீசு எழுத்து அவளுக்குத் தெரியாது. எத்தனை முறை கீழே போவது, எங்கே அழுத்துவது என்று விரலுக்குப் பாடம் பண்ணிக்கொண்டாள். தன் செல்லை ஆந்திரா டவரிலேயே கட்டி வைத்தாள். அந்த டவர் அவள் வீட்டில் ஒரே இடத்தில்தான் நன்றாகக் கிடைக்கும். பின்பக்கம், குழாயடியில் கிடந்த துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில். அங்கிருந்து நாலு எட்டு நகர்ந்தால் குரல் கரகரத்துச் செத்துவிடும்.

மகள் சந்தியா இன்டர், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, முடித்ததும் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்தாள். காருக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டுக் கட்டாகப் பின்னுகிற கம்பெனி. சுற்றுவட்டாரப் பெண்பிள்ளைகள் எல்லாம் நீலக் கோட்டு மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் போகத் தொடங்கிய காலம். தில்லியில் ஒரு பெண்ணுக்கு நேர்ந்த கொடுமையை டிவிக்காரர்கள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்ததும் அப்போதுதான். பாப்பாத்திக்குத் தூக்கம் போயிற்று. வேலைக்கு அனுப்பவும் பயம், அனுப்ப மாட்டேன் என்று சொல்லவும் மனமில்லை. கம்பெனி அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்ற மகளின் முகத்தைப் பார்த்திருந்தாள்.

அதனால் பயிற்சி கொடுக்கத் தொடங்கினாள். சந்தியாவின் செல்லில் ரெண்டாம் எண்ணில் தன் நம்பரைப் பதிந்தாள். பட்டன் அழுத்தும் சத்தத்தை நிறுத்தினாள். கேட்கிற ஒலியை அடியோடு குறைத்தாள்.

"கண்ண மூடு. பையில கைய வுடு. ரெண்டு எங்க கீது, தடவிப் பாரு."

"மா, நான் ஒயரு பின்னத்தான் போறேன். சண்டைக்கா போறேன்?"

"அழுத்திப் புடி. நான் எடுத்ததும் எங்கிட்ட பேசாத. பக்கத்துல கீறவங்ககிட்ட பேசு. எந்த ரோடு, எந்த ஊரு, எந்த வண்டின்னு வாய்ல வரணும். நான் சத்தத்த அடைச்சிட்டுக் கேட்டுக்கினே இருப்பேன். இங்க நாய் கொலைச்சாக்கூட அங்க கேக்காது."

"எம் நம்பரு சொல்லு," என்று சோறு போடும்போது திடீரென்று கேட்பாள். நம்பர் செல்லுக்குள் மட்டும் இருந்தால் போதாது, மண்டைக்குள்ளும் இருக்க வேண்டும். சொன்னால்தான் குழம்பு. "சாமி, இந்தம்மாகிட்டேர்ந்து காப்பாத்து நைனா" என்று சந்தியா அப்பனிடம் முறையிடுவாள். முனிசாமி சிரிப்பானே தவிர பொண்டாட்டியைத் தடுக்க மாட்டான்.

அந்த நாள் ஐப்பசி மாதத்தில் வந்தது. காலையிலிருந்து மூட்டம். மழை பெய்யாமல் தொங்கிக்கொண்டிருந்தது. சாயங்காலம் கம்பெனி பஸ் வந்து மற்றப் பெண்கள் இறங்கினார்கள். சந்தியா இல்லை. ஏதோ ஒயர்க் கட்டுகளில் குறை வந்ததால் சிலரை நிறுத்திக்கொண்டார்கள், அவள் ஆட்டோவில் வந்துவிடுவாள் என்று ஒரு பெண் சொன்னாள். பாப்பாத்தி வீட்டுக்குத் திரும்பினாள். செல்லை இடுப்பில் செருகிக்கொண்டு பின்பக்கம் போனாள். குழாயடியில் உட்கார்ந்து, ஏற்கெனவே கழுவியிருந்த பாத்திரங்களை மறுபடியும் கழுவினாள்.

செல் அடித்தது. சந்தியாதான்.

"எங்கடி கீற?"

கடகடவென்று வண்டி ஓடும் சத்தம். பிறகு, எங்கோ ஆழத்திலிருந்து வருவதுபோல் மகளின் குரல். ஆனால் அது அவளிடம் பேசவில்லை.

"அண்ணா, சத்தியவேட்டுக்கு நேராதானே போவணும்? இன்னாத்துக்கு லெஃப்டுல திருப்பறீங்க?"

பாப்பாத்தியின் கையிலிருந்த சொம்பு உருண்டது. தொண்டைவரை வந்த கூச்சலை விழுங்கினாள். விரல் தானாகப் போயிற்று. இடப்பக்கப் பட்டன், ஒரு முறை கீழே, மறுபடி அழுத்து. சத்தம் அடைந்தது. இனி இவள் கத்தினாலும் அங்கே கேட்காது.

"ஷார்ட்கட்டும்மா," என்றது ஓர் ஆண் குரல். "அந்தப் பக்கம் ரோடு வேல நடக்குது." கூடவே இன்னொருவன் சிரிப்பது கேட்டது.

"யோ! இங்க வாய்யா!" என்று பாப்பாத்தி அலறினாள். முனிசாமி காலை இழுத்துக்கொண்டு ஓடி வந்தான்.

"உஞ் செல்ல எடு. போலீசுக்கு அடி. பொண்ணு ஆட்டோல கீறா. ரெண்டு ஆம்பள. வேற ரோட்டுல இட்டுக்கினு போறானுங்க."

முனிசாமி அடித்தான். எடுத்தவர் நல்ல தமிழில் மாவட்டம் எது, ஊர் எது என்று கேட்டார். இவன் சொல்லச் சொல்ல, "அது ஆந்திரா லிமிட்டாச்சே" என்றார். இந்தச் செல் தமிழ்நாட்டு டவரைப் பிடித்திருந்தது. அவர் ஏதோ ஒரு நம்பரைச் சொல்லத் தொடங்கினார். முனிசாமிக்கு அதில் ஒன்றும் மனதில் நிற்கவில்லை.

பாப்பாத்தி கல்லை விட்டு நகர முடியாது. நகர்ந்தால் மகளின் குரல் அறுந்துவிடும். புருஷன் கையிலிருக்கும் செல்லை வாங்கித் தானே அழுத்தவும் முடியாது. ரெண்டு கையாலும் காதோடு சேர்த்துப் பிடித்த செல்லை அவள் உயிரே போனாலும் எடுக்கப் போவதில்லை. மகளின் பேச்சு ஒரு காதிலும், தன் குரல் மறு காதிலுமாக அவள் சொல்லிக்கொண்டே போனாள்.

"நடுப்பட்டன அழுத்து. கீழ போ. இன்னும் கீழ. அந்த கொறடு மாதிரி படம் கீதில்ல, அத அழுத்து. இப்ப ரெண்டு தபா கீழ. அழுத்து. தேடுதா? நில்லு, தேடட்டும். வரிசையா பேரு வருதா? கடசீல 'ஏ பி'ன்னு முடியும்னு ரமணா சொல்வானே, அது."

"ரெண்டு கீதே பாப்பாத்தி!"

"மொதல்ல கீறது. அழுத்துய்யா!"

அங்கே சந்தியா பேசிக்கொண்டிருந்தாள். குரல் மெல்ல நடுங்கினாலும் நிற்கவில்லை. பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் வம்பளக்கிறவள்போலப் பேசினாள்.

"பச்ச ரெக்சினு நல்லா கீதுண்ணா. புச்சா போட்டீங்களா? கண்ணாடில பத்மாவதி அம்மா படம்கூட ஒட்டிக்கினு கீறீங்க. தோ, செங்கல் சூளை. ரெண்டு சிம்னி கீதே, எந்த ஊரு சூளைண்ணா இது?"

"நீ நெறைய பேசறியே," என்றான் சிரித்தவன்.

முனிசாமி மறுபடி போலீசுக்கு அடித்தான். இப்போது ஒரு பெண் குரல் தெலுங்கில் எடுத்தது. அவனும் தெலுங்குக்கு மாறினான். பாப்பாத்தி தான் கேட்டதை ஒவ்வொன்றாகச் சொல்ல, அவன் அதை அந்தப் பக்கம் சேர்த்தான். பச்சை ரெக்சின். பத்மாவதி படம். ரெண்டு சிம்னி சூளை.

"ஏ ஊரி பட்டீ அண்டி?" எந்த ஊர் சூளை என்று கேட்டார்கள். பாப்பாத்திக்குத் தெரியாது. சந்தியாவுக்கும் தெரியவில்லை. முனிசாமிக்குத் தெரிந்தது. கால் நன்றாக இருந்த காலத்தில் கல் ஏற்றப் போயிருக்கிறான். சுற்றுவட்டாரத்தில் ரெண்டு சிம்னி உள்ள சூளை ஒன்றுதான். அதைத் தாண்டினால் ஏரிக்கரை, அதற்கப்புறம் தைலமரத் தோப்பு, வீடு வாசல் கிடையாது. அவன் சொன்னான். சொல்லும்போதே அவன் குரல் உடைந்தது. அந்தத் தோப்பு எப்படிப்பட்ட இடம் என்று அவனுக்குத் தெரியும்.

போலீசுக்குச் சொல்லி முடித்ததும் ரமணாவுக்கு அடித்தான். ரமணா கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு வண்டியை எடுத்தான்.

திடீரென்று பாப்பாத்தியின் காதில் கடகட சத்தம் நின்றது. காற்றில் தைலமர இலைகள் உரசும் ஓசை மட்டும்.

"எறங்கும்மா. வண்டி சூடாயிடுச்சி. கொஞ்சம் ஆறணும்."

"பரவால்ல. நான் உள்ளயே இருக்கேன்."

"எறங்குன்றேன்ல." இது சிரித்தவன். இப்போது சிரிப்பு இல்லை.

பாப்பாத்திக்கு உடம்பு முழுவதும் காதாகிவிட்டது. கால் மரத்துப்போனது தெரியவில்லை. அவள் பக்கத்தில் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிவிட்டிருந்தார்கள். யாரோ அழத் தொடங்கியபோது கையை ஓங்கி அடக்கினாள். அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது அங்கே அந்த ஆம்பிளைகளுக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பது நல்லதா, தெரிந்தால் நல்லதா? தெரிந்தால் பயந்து ஓடுவார்களா, இல்லை கோபத்தில் எதையாவது செய்துவிடுவார்களா? இத்தனை நாள் பயிற்சி கொடுத்தவள் இதை மட்டும் யோசித்து வைக்கவில்லை.

முடிவு செய்தது மகள்தான்.

"எங்கம்மா மொதல்லேர்ந்து கேட்டுக்கினுதான் கீறாங்க," என்றாள் சந்தியா. பையிலிருந்து செல்லை வெளியே எடுத்திருப்பாள்போல, குரல் சட்டென்று பக்கத்தில் கேட்டது. "ஸ்பீக்கர்ல போட்டுட்டேன். பேசும்மா!"

அடைத்த சத்தத்தைத் திறக்க வேண்டும். தவறி வேறு பட்டனில் பட்டால் பேச்சு அறுந்துவிடும். பாப்பாத்தி செல்லைக் காதிலிருந்து எடுத்தாள். விரல் ஈரம். புடவையில் துடைத்தாள். அழுத்தினாள்.

"டேய்! பச்ச ரெக்சினு ஆட்டோ! பத்மாவதி படம் போட்டவனே! ரெண்டு சிம்னி சூளை தாண்டி தைலமரத் தோப்புல நிக்கிற. போலீசுக்கு சொல்லியாச்சி, வண்டி வந்துக்கினு கீது. எம்பொண்ண அங்கயே வுட்டுட்டுப் போயிடு!"

யாரோ தெலுங்கில் கத்தினார்கள். மடேரென்று ஒரு சத்தம். அதோடு பேச்சு போய்விட்டது.

திரும்ப அடித்தாள். சுவிட்ச் ஆஃப். மறுபடி அடித்தாள். பதிவுசெய்த பெண் குரல் அதையே சொன்னது. கத்தியிருக்கக் கூடாதோ என்று நினைத்தாள். கெட்டுப்போனது தன்னால்தானோ? முனிசாமி ரோட்டுக்கு ஓடப் பார்த்தான், கால் ஒத்துழைக்காமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். பெண்கள் அவளை வீட்டுக்குள் வந்து உட்காரச் சொன்னார்கள். அவள் கல்லை விட்டு அசையவில்லை. அந்த நேரம் பார்த்துத் தூறல் போட்டது. செல்லை முந்தானைக்குள் பொத்திக்கொண்டு, வாய் எதையோ முணுமுணுக்க, தலை நனைய நின்றாள். சாமி பேரைச் சொல்கிறாள் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். அவள் தன் செல் நம்பரைச் சொல்லிக்கொண்டிருந்தாள். மகளுக்கு அது மறந்துபோகாமல் இருக்க வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியவில்லை. செல் அடித்தது. புது நம்பர்.

எடுத்தால் ஒரு பெண் குரல், இதுவரை கேட்டேயறியாத பாஷையில் படபடவென்று பேசியது. தமிழுமில்லை, தெலுங்குமில்லை. பாப்பாத்தி செல்லைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "யாரும்மா? யாரு?" என்றாள். அந்தப் பெண் பேசிக்கொண்டே யாரிடமோ செல்லைக் கொடுத்தாள்.

"மா."

அதற்குமேல் சந்தியாவுக்கு வார்த்தை வரவில்லை. அழுகை வந்தது. பாப்பாத்தி கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நடந்ததைச் சந்தியா பிறகு சொன்னாள். அம்மாவின் குரல் வந்ததும் சிரித்தவன் செல்லைப் பிடுங்கி மரத்தில் அடித்திருக்கிறான். ஓட்டுநர் அவனைத் திட்டியிருக்கிறான். தன் வண்டியின் அடையாளமெல்லாம் போலீசுக்குப் போய்விட்டதே என்ற பயம் அவனுக்கு. ரெண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தபோது இவள் குதித்து ஏரிக்கரை மேல் ஓடினாள். துரத்துகிறார்களா என்று திரும்பிப் பார்க்கவே இல்லை. அவர்கள் துரத்தவில்லை, எதிர்ப்பக்கமாக வண்டியை விட்டுக்கொண்டு போய்விட்டார்கள். புகை தெரிந்த திசையில் ஓடி செங்கல் சூளைக்கு வந்தாள். அங்கே வேலை செய்கிறவர்கள் ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தவர்கள். அவள் சொன்னது அவர்களுக்குப் புரியவில்லை. கையைக் காதில் வைத்துக் காட்டினாள். மண் குழைத்துக்கொண்டிருந்த ஒருத்தி, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்து, முந்தானை முடிச்சை அவிழ்த்துச் செல்லை எடுத்துக் கொடுத்தாள். சந்தியாவின் விரல்கள் எண்களை அழுத்தியபின் செல் கையிலிருந்து நழுவ, அந்தப் பெண்ணே எடுத்து முதலில் பேசியிருக்கிறாள். உங்கள் பிள்ளை எங்களிடம் இருக்கிறாள், பயப்படாதீர்கள் என்றுதான் சொல்லியிருப்பாள் என்று பாப்பாத்தி இன்றைக்கும் சொல்கிறாள்.

போலீஸ் ஜீப்பும் ரமணாவும் சூளைக்கு வந்தபோது, சந்தியாவை நடுவில் உட்கார வைத்து அந்தப் பெண்கள் சுற்றி நின்றிருந்தார்கள். ஜீப்பைப் பார்த்ததும் இன்னும் நெருங்கி நின்றார்களாம்.

அதோடு விட்டுவிடலாம் என்றார்கள் உறவுக்காரர்கள். ஒன்றும் ஆகவில்லை, பிள்ளை வீடு வந்து சேர்ந்துவிட்டது, ஸ்டேஷன் என்று போனால் நாலு வாய் நாலு விதமாகப் பேசும் என்றார்கள். பாப்பாத்திக்கும் அதே பயம்தான். மகளுக்கு நாளைக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டும். தலையணையில் முகம் புதைத்துக் கிடந்த சந்தியாதான் எழுந்து உட்கார்ந்தாள்.

"நாளைக்கி வேற ஒருத்தி அந்த ஆட்டோல ஏறுவா. அவளோட அம்மா இப்டி சொல்லிக் குடுத்திருக்க மாட்டாங்க."

சில நாள் கழித்து, பச்சை ரெக்சினையும் பத்மாவதி படத்தையும் வைத்து ஓட்டுநரைப் பிடித்துவிட்டதாகச் சேதி வந்தது. படத்தைக் கிழித்திருந்தான், ஒட்டியிருந்த தடம் போகவில்லை. ஸ்டேஷனுக்கு மகளோடு பாப்பாத்தியும் போனாள். வாழ்நாளில் ஸ்டேஷன் படியை மிதித்ததில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் ஒடிசலாக, பார்க்கச் சாதுவாக இருந்தான். ஹெட் கான்ஸ்டபிள் நாகபூஷணத்திடம் கும்பிட்டுக்கொண்டே பேசினான்.

"ஷார்ட்கட்டுதான் சார். அந்தப் பக்கம் ரோடு வேல நடக்குது. பாப்பா தானா பயந்துக்கிச்சி."

அந்தக் குரலைக் கேட்டதும் பாப்பாத்தி சுவரைப் பிடித்துக்கொண்டாள். நாகபூஷணம் அவளை உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, அந்தக் குரல் வண்டியில் சொன்னதை முதலிலிருந்து சொன்னாள். ஷார்ட்கட்டும்மா என்றது, வண்டி சூடாயிடுச்சி என்றது, சிரித்தவன் இறங்கு என்றது, எது யார் சொன்னது என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை அது. அத்தனை நாளும் இரவும் பகலும் அவள் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவள் முடிக்கும்போது பெஞ்சில் இருந்தவன் தலையைக் குனிந்திருந்தான். கூட இருந்தவன் யார் என்பதை அன்று சாயங்காலத்துக்குள் அவனே சொல்லிவிட்டான். அந்த ஆள் ஊரைவிட்டே போயிருந்தான், பிடிபட வெகு நாளாயிற்று.

ஊர் பேசத்தான் செய்தது. வந்த ஒரு சம்பந்தம் காரணம் சொல்லாமல் நின்றுபோயிற்று. பாப்பாத்தி அதற்காகக் கொல்லைப்பக்கம் போய் அழுதாள். சந்தியா அழவில்லை. கம்பெனி பஸ்ஸில் வரும் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வீட்டுக்கு வந்து, "அத்த, எனக்கும் ரெண்டுல போட்டுக் குடு" என்று செல்லை நீட்டினார்கள். முன்பு அவளைப் பார்த்துச் சிரித்தவர்களும் அதில் உண்டு. பாப்பாத்தி போட்டுக் கொடுத்தாள். கூடவே அவர்களுடைய அம்மாக்களையும் வரச் சொன்னாள். அழுத்துகிறவளுக்குத் தெரிந்தால் போதாது, எடுக்கிறவளுக்குக் கத்தாமல் இருக்கத் தெரிய வேண்டும் என்றாள்.

சந்தியா மறுபடி வேலைக்குப் போகிறேன் என்ற அன்று வீட்டில் பெரிய சண்டை. முனிசாமிகூட வேண்டாம் என்றான். பாப்பாத்தி போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. விடிந்ததும் எழுந்து தக்காளிச் சோறு கட்டிக் கொடுத்தாள். நிறுத்தம்வரை கூட நடந்தாள். வழியெல்லாம் மகள் கையைப் பிடித்திருந்த பிடியில் சந்தியாவின் விரல்கள் வெளுத்துப்போயின.

பஸ் வந்தது. சந்தியா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். புது செல்லைக் காதில் வைத்தாள். பாப்பாத்தியின் இடுப்பில் அடித்தது. பதறி எடுத்தாள்.

"இன்னாடி? இன்னா ஆச்சி?"

"ஏறிட்டேம்மா."

"பாத்துக்கினுதானே நிக்கிறேன்."

"சும்மாதான்."

பஸ் நகர்ந்தது. ரெண்டு பேரும் செல்லைக் காதிலிருந்து எடுக்கவில்லை. வளைவில் பஸ் மறைந்தபிறகும் உள்ளே பெண்கள் ஏதோ சொல்லிச் சிரிப்பது கொஞ்ச தூரம்வரை அவளுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு டவர் மாறி அறுந்துபோயிற்று.